முப்பத்தொன்றாம் மூட்டை

மாநாட்டுக்குப் போகிற மற்றவர்களுக்கு ஒரு பையும் ஒரு பல்துலக்கியும் போதும். அவளுக்கு அதோடு ஒரு நோட்டும் வேண்டும். நாற்பது பக்க நோட்டு, கிளம்புவதற்கு முன்பே முழுக்க எழுதி முடித்தது. ரயில் எத்தனை மணிக்கு, எந்தப் பெட்டி, பெட்டியில் எந்தப் பக்கத்துக் கதவு, டாக்சிக்காரர் கேட்கக்கூடிய கேள்விகள் நான்கு, அவற்றுக்குப் பதில்கள் நான்கு, விடுதியில் சாவியை இடது கையில் வாங்கினால் பையை எந்தக் கையில் பிடிப்பது என்பது வரை அதில் இருந்தது. அரங்கத்தின் வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டி, கழிவறைகளுக்குச் சிவப்பு மையும் வெளியேறும் கதவுகளுக்குப் பச்சை மையும் பூசியிருந்தாள். ஆய்வகத்தில் அந்த நோட்டைப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். போன மாநாட்டில் தங்கும் விடுதிக்கு வழி தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றியவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள்.

அவளுக்கு வீட்டில் பாம்புக் காது என்று பெயர். மூன்றாம் வீட்டில் குழாய் சொட்டினால் இவளுக்குத் தூக்கம் போகும். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். திமிர் என்றார்கள், செல்லம் என்றார்கள், காற்றுக் கருப்பு என்றுகூட யாரோ சொன்னார்கள். இருபத்து மூன்றாவது வயதில் ஒரு மருத்துவர் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்குத்தான் அழுகை வந்தது.

ஆனால் அந்தக் காதுதான் அவளுக்குப் பிழைப்பாகவும் ஆனது. தானியக் கிடங்குகளில் கூன்வண்டு என்று ஒன்று உண்டு. அது தானிய மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை அடைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளேயே பிறந்து உள்ளேயே தின்று வளரும். வெளியே இருந்து பார்த்தால் மணி பழுதில்லாமல் இருக்கும், வண்டு வெளியே வருகிறபோதுதான் மூட்டை போய்விட்டது தெரியும். அதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டுமானால் கேட்க வேண்டும். அவள் மூட்டைக்குள் நீளமான கம்பியைச் செருகி, அதன் தலையில் மைக்கைப் பொருத்தி, புழு கடிக்கிற ஓசையைப் பதிவு செய்தாள். ஆறு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மூட்டைகள். கருவி சொல்வதற்கு முன்னால் இவளே சொல்லிவிடுவாள். கிடங்குக் காவலாளி முதலில் அவளைப் பைத்தியம் என்று நினைத்தார், பிறகு தன் வீட்டு அரிசி டப்பாவைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டார்.

இதில் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. புழு உள்ள மூட்டையில் கருவியின் ஒலியைக் குறைத்து வைத்துப் பதிவு செய்வாள், ஏனென்றால் கடிக்கிற ஓசை தெளிவாக இருக்கும், ஏற்றினால் பிசிறடிக்கும். சுத்தமான மூட்டையிலோ ஒலியைக் கடைசி வரைக்கும் திருகி ஏற்றிவிடுவாள். ஒன்றுமே இல்லை என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அதனால் அவளுடைய பதிவுகளில் பலமாகச் சத்தம் போடுகிறவை எல்லாம் சுத்தமான மூட்டைகள். மூட்டையை நகர்த்தி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குத் தானியம் உள்ளே சரிந்து சரிந்து அடங்கும். அந்தச் சடசடப்புதான் அதில் கேட்கும். புழு உள்ளவை அடக்கமாக, நான்கு கடி, ஓய்வு, மறுபடி நான்கு கடி என்று இருக்கும். அவளோடு கிடங்கில் பத்து நாள் நின்ற யாருக்கும் இது தெரியும். அப்படி யாரும் நிற்கவில்லை.

அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தீராத வழக்கு ஒன்றும் இருந்தது. எதைக் கேட்டாலும் அவள் பதில் சொல்லுவதற்கு முன்னால் நிற்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால், பாதி ஆப்பிள் சாப்பிட்டது சாப்பிட்டதில் சேருமா என்று யோசிப்பாள். சித்தி புதுப் புடவையைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், எதோடு ஒப்பிட்டு என்று யோசிப்பாள். அதற்குள் கேட்டவர் முகம் மாறிவிடும். அம்மா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். நாள் முழுக்கப் பெற்றோர்களுக்கு முகம் கோணாமல் பதில் சொல்லுகிற வேலை. தன் மகளுக்கு அந்த ஒரு வித்தை வரவில்லையே என்று அவளுக்கு ஆறாத குறை.

"கேட்டா டக்குனு பதில் வரணும்டி. இப்படி நின்னா, பொய் சொல்லத்தான் யோசிக்கிறேன்னு நெனைப்பாங்க" என்பாள்.

பொய் சொல்லாமல் இருக்கத்தான் யோசிக்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அது அம்மாவின் காதில் ஏறவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அம்மா ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். எப்படி இருக்கீங்க என்றால் நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க. பயணம் எப்படி என்றால் சௌகரியமா இருந்தது. மொத்தம் பதினேழு வரி. அவள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்தாள், ஆனாலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நிற்பதை மட்டும் அவளால் விட முடியவில்லை.

இந்த மாநாட்டுக்கு அவள் போயே ஆக வேண்டியிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டுமானால் ஒரு மாநாட்டிலாவது மேடையில் நின்று, தன் வாயால் பேசி, பேசியதற்குச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. நான்கு தடவை கிளம்பினாள். ஒரு தடவை ரயில் நிலையத்தோடு திரும்பினாள், ஒரு தடவை அரங்கத்தின் வாசலில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினாள், மற்ற இரண்டையும் அவள் பேசுவதில்லை. இந்த மாதக் கடைசியோடு பல்கலைக்கழகத்தில் அவளுடைய பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் சான்றிதழ் இல்லையென்றால் ஆறு வருஷமும் நானூற்றுப் பன்னிரண்டு மூட்டையும் குப்பைக்குத்தான்.

மாநாட்டு விண்ணப்பத்தில் சிறப்புத் தேவைகள் என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் அதை நம்பினாள். மூன்று விஷயங்களை எழுதினாள். தங்குவதற்குத் தனி அறை. அரங்கத்துக்குப் பக்கத்தில் சத்தமில்லாத ஓர் இடம். பேச்சு நேரத்தை மாற்றக் கூடாது, மாற்றியே ஆக வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்னால் நேரில் வந்து சொல்ல வேண்டும், போனில் அல்ல. மாநாட்டுச் செயலாளர் அம்மாள் அன்றைக்கே பதில் போட்டார். நிச்சயமாகச் செய்து தருகிறோம், எங்கள் மாநாடு எல்லாரையும் அரவணைக்கிற மாநாடு என்று எழுதி, கடைசியில் மூன்று பூப் படம் வைத்திருந்தார். அவள் அந்தக் கடிதத்தை அச்செடுத்து நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டினாள்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதைப் பார்த்துவிட்டு நல்லது என்றார். பிறகு, ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று, பதிவுகளின் பிரதியைச் சீனியரிடமும் கொடுத்து வைக்கச் சொன்னார். சீனியர் அதே ஆய்வகத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவன். நல்ல பேச்சுக்காரன், கோட்டுப் போட்டால் பொருந்தும், தூசி ஒத்துக்கொள்ளாது என்பதால் கிடங்குப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. அவள் பதிவுகளையும் கொடுத்தாள், எந்த மூட்டை எது என்கிற பட்டியலையும் கொடுத்தாள். அவன் பட்டியலைப் பார்க்காமலே பையில் மடித்து வைத்தான்.

பேராசிரியர் விமானத்தில் போனார். மாணவர்களுக்கு ரயில். ஒன்பது மணி நேரம். நடைமேடையில் பெட்டிகளின் வரிசை தலைகீழாக வந்து நின்றது. நோட்டில் முன்னாலிருந்து நான்காவதாக இருந்த பெட்டி கடைசியிலிருந்து நான்காவதாகிவிட்டது. அவள் கல்லாய்ச் சமைந்து நின்றாள். எந்தப் பெட்டியில் ஏறினால் என்ன, உள்ளே நடந்து போய்க்கொள்ளலாம் என்று சீனியர் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டான். பதினான்கு பெட்டிகளை நடந்து கடந்தார்கள். உட்கார்ந்ததும் அவள் பேனாவை எடுத்து மூன்றாம் பக்கத்தை அடித்துத் திருத்தி எழுதினாள், எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீரானது. எதிர் இருக்கையில் ஒரு குழந்தை பாடுகிற பொம்மையை அழுத்திக்கொண்டே வந்தது. அவள் காதடைப்பானை மாட்டிக்கொண்டு தன் பேச்சை உதட்டசைத்து ஒத்திகை பார்த்தாள். பன்னிரண்டு நிமிடப் பேச்சு. வீட்டில் இரும்பு அலமாரிக்கு முன்னால் நின்று அறுபத்தொரு தடவை சொல்லியிருந்தாள், ஒன்பதாவது தடவைக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.

விடுதியில் தனி அறை இல்லை. ஆள் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று பேர் அறையில் போட்டார்கள். மற்ற இரண்டு பெண்களும் நல்லவர்கள்தான், ஆனால் தொலைக்காட்சி ஓடாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. அவளுக்கு ஓடினால் வராது. காலையில் பதிவு மேஜையில் கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டையும் நாடாவும் கொடுத்தார்கள். அந்த நாடா கழுத்தை அறுத்தது. அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் வாசலில் நின்ற ஒவ்வொருவரும் அதை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

அரங்கத்துக்குள் எள் விழ இடமில்லை. ஐநூறு பேரின் பேச்சு, நாற்காலி இழுக்கிற கிறீச்சு, ஒலிபெருக்கியின் உறுமல், தலைக்கு மேலே குளிர்சாதனத்தின் இரைச்சல். மற்றவர்களுக்கு அது ஒரே சத்தம். அவளுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றைக்கூட விடாமல் கேட்டது. பத்து நிமிடம் தாங்கினாள். பிறகு செயலாளர் அம்மாளைத் தேடிப்பிடித்து அமைதி அறை எங்கே என்று கேட்டாள். அந்த அம்மாளுக்கு முதலில் நினைவு வரவில்லை, வந்ததும் மிகவும் சந்தோஷப்பட்டுத் தானே கூட்டிக்கொண்டு போனார்.

கதவில் அமைதி அறை என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே மாநாட்டுப் பைகள் அடங்கிய பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன, தண்ணீர்க் கேன்கள் இருபது, உடைந்த பேச்சு மேடை ஒன்று. ஒருவர் மூலையில் நின்று போனில் யாரிடமோ பஸ் இன்னும் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். வெளியே சத்தமாக இருப்பதால் போன் பேசுகிறவர்களை எல்லாம் இங்கே அனுப்புகிறோம் என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். ஒப்புக்குச் சப்பாணி என்பார்களே, அந்த அறை அதுதான். இருந்தாலும் பெட்டிகளுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடுக்கு ஒன்று இருந்தது. அவள் அங்கே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சீனியர் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். அவனும் கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"உனக்கு ரெண்டு நாப்பதுக்குத்தானே. நீ இங்கயே இரு, நான் வந்து கூப்பிடறேன்" என்றான்.

அவள் ரொட்டியைச் சாப்பிட்டாள். காதடைப்பானை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். உடம்பு மெல்ல மெல்லத் தன் வசத்துக்கு வந்தது. இந்தத் தடவை முடியும் என்று அவளுக்கே தோன்றியது. முதல் வரியைச் சொல்லிப் பார்த்தாள், குரல் நடுங்கவில்லை. ஆறு வருஷத்தில் அவள் இவ்வளவு தயாராக இருந்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டு இருபது இருக்கும். தண்ணீர் குடிப்பதற்காகக் காதடைப்பானைக் கழற்றினாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒலிபெருக்கி வழியாக, சடக், சடசடக் என்று ஓர் ஓசை வந்தது.

மூன்று விநாடி போதுமாக இருந்தது. முப்பத்தொன்றாம் மூட்டை. கிடங்கின் மேற்குச் சுவரோரம், அடியிலிருந்து இரண்டாவது அடுக்கு, அன்றைக்குத்தான் நகர்த்தி வைத்தது. தூரத்தில் ஒரு லாரி பின்னோக்கி வருகிற கூவல் இருக்கும், அதற்குப் பிறகு அவள் தும்மலை அடக்கிக்கொண்ட ஒரு சின்ன மூக்கொலி இருக்கும். இரண்டும் வந்தன. நானூற்றுப் பன்னிரண்டில் இதைவிடச் சுத்தமான மூட்டை வேறில்லை. இதை யார் போட்டது என்றே அவள் முதலில் யோசிக்கவில்லை. ஏன் இதைப் போட்டார்கள் என்றுதான் யோசித்தாள். யார் போட்டது என்பது எழுந்து ஓடும்போதுதான் உறைத்தது.

அரங்கத்தின் மேடையில் சீனியர் நின்றுகொண்டிருந்தான். கோட்டு பொருந்தியிருந்தது. அவன் பின்னாலிருந்த திரையில் அவளுடைய வரைபடங்கள், அவளுடைய கிடங்கு, அவள் எடுத்த படங்கள். இதுதான் தானியத்துக்குள்ளே புழு மெல்லுகிற ஓசை, கூர்ந்து கேளுங்கள் என்று சொல்லி மறுபடியும் ஒரு தடவை போட்டான். ஐநூறு பேரும் வாயில் ஈ போனது தெரியாமல் கேட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் தானியத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட விஞ்ஞானி. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்து ரசித்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, தனக்கு ஒவ்வொரு கடியும் தெளிவாகக் கேட்கிறது என்றும், நாற்பது வருஷ அனுபவத்தில் இப்படிக் கேட்டதில்லை என்றும் சொன்னார். பின்னாலேயே அரங்கம் முழுவதும் தலையாட்டியது.

என்ன நடந்திருந்தது என்றால், பன்னிரண்டு மணிக்குப் பேச வேண்டிய ஒருவர் வரவில்லை. அந்த நேரத்துக்கு அவளுடைய பேச்சை முன்னால் இழுத்துவிட்டார்கள். மாநாட்டின் வாட்சப் குழுவில் அறிவித்தார்கள், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நேரில் வந்து சொல்ல வேண்டிய ஒருத்திக்கு மட்டும் சொல்லவில்லை. சீனியர் கூப்பிடத்தான் வந்தான். அவள் பெட்டிகளுக்குப் பின்னால் காதை மூடிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, பேராசிரியருக்குப் போன் போட்டுக் கேட்டான். எழுப்பாதே, நீயே பேசிவிடு என்று அவர் சொல்லிவிட்டார். பட்டியலைத் தேட நேரமில்லை. பதிவுகளை வரிசையாகத் தட்டிப் பார்த்து, எதில் சத்தம் பலமாக இருந்ததோ அதை எடுத்துக்கொண்டான். கிடங்கில் பத்து நாள் நின்றிருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது.

வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். அவள் கையைத் தூக்கினாள். ஒரு தொண்டர் மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வருஷமாகப் பயந்த மைக் அது. இப்போது அவளுக்குப் பயம் வரவில்லை, கோபத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

"இந்த வேலையச் செஞ்சது நான்தான். இப்ப போட்டது முப்பத்தொண்ணாவது மூட்டை. அதுல புழு இல்ல. தானியம் அடங்கற சத்தம் அது."

தலைவர் சிரித்தார். "நாங்க எல்லாரும் கேட்டோமேம்மா."

"இல்லாததைக் கேட்டீங்க" என்றாள் அவள்.

அரங்கத்தில் கசமுசா எழுந்தது. தலைவரின் முகம் இறுகியது. முன்வரிசையிலிருந்து பேராசிரியர் எழுந்து, அவளைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசினார். இவள் எங்கள் மாணவிதான், இரண்டு நாளாகத் தூக்கமில்லை, கொஞ்சம் உடம்பு சரியில்லாத பெண், சபை புரிந்துகொள்ள வேண்டும் என்றார். சபை உடனே புரிந்துகொண்டது. அங்கங்கே உச்சுக் கொட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண்மணி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார், அவளுக்குத் தொட்டால் ஆகாது. மைக் கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. சீனியர் நன்றி சொன்னான், எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவள் தலைக்குள் ஆணி ஆணியாக இறங்கியது, அவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். பார்த்தவர்களுக்கு அது ஒன்றே போதும், பேராசிரியர் சொன்னது சரி என்று முடிவு செய்ய.

வராந்தாவில் முதலில் வந்தது சீனியர்தான். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தான். நிஜமாகவே தப்பான பதிவா என்று கிசுகிசுப்பாகக் கேட்டான். ஆமாம் என்றாள். அவன் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. பிறகு, யாருக்கும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்றான். விட்டுவிடுவது அவனுக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பேராசிரியர் கொஞ்சம் பின்னால் வந்தார். அவருக்குக் கோபம் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"உன்ன எழுப்ப வேண்டாம்னு நான்தாம்மா சொன்னேன். உன் நல்லதுக்குத்தான்."

"நான் தூங்கல சார். கண்ண மூடியிருந்தேன்."

இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல் அவர் கையை வீசினார். அவள் தன் நேரத்தைக் கேட்டாள். இரண்டு நாற்பதுக்கு அவளுக்குக் கொடுத்த நேரம் அது, அதில் அவள் பேச வேண்டும், சரியான பதிவைப் போட வேண்டும். அந்த நேரம் இப்போது வேறொருவருக்குப் போய்விட்டது என்றார் அவர். ஒரே ஆய்வை இரண்டு தடவை பேச விடவும் மாட்டார்கள். அப்படியானால் சான்றிதழ் என்று ஆரம்பித்தாள். அதற்குள் செயலாளர் அம்மாள் ஒரு கோப்போடு வேகமாக வந்து சேர்ந்தார். நேரில் வந்து சொல்ல முடியாமல் போனதற்கு இரண்டு தடவை வருத்தப்பட்டார், அமைதி அறை வசதியாக இருந்ததா என்று கேட்டார், கேட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார்.

சான்றிதழ் தயாராக இருந்தது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எல்லாருக்கும் முன்கூட்டியே அச்சடித்துவிட்டார்களாம். தங்க நிறக் கரை, இரண்டு கையெழுத்து, நடுவில் அவள் பெயர். இன்ன தலைப்பில் நேரில் உரையாற்றினார் என்று இருந்தது.

"நான் பேசலையே" என்றாள்.

"யாருக்கும்மா தெரியப் போகுது" என்றார் அந்த அம்மாள், வாஞ்சையோடு. "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்க."

பேச்சாளர் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்துக்கு மேலே, உரையாற்றியவர் கையொப்பம் என்று தலைப்பு. பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதிவு மாறியதை இதோடு விட்டுவிட வேண்டும், கட்டுரை அச்சில் வரும்போது சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம், தலைவர்தான் அவளுடைய ஆய்வேட்டைத் திருத்தப் போகிறவர்களில் ஒருவர், அவரைச் சபையில் வைத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, சீனியரின் வேலை விஷயமும் இதில் இருக்கிறது என்று பூசி மெழுகிச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஒன்றைப் பூசாமல் சொன்னார்.

"கையெழுத்துப் போட்டா மாசக் கடைசிக்குள்ள சமர்ப்பிக்கலாம். இல்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

அவள் நோட்டைத் திறந்தாள். பழக்கம். சாவியை எந்தக் கையில் வாங்குவது என்று அதில் இருந்தது, அரங்கத்தில் தீப்பிடித்தால் எந்தக் கதவு என்று இருந்தது. அடிமடியில் கை வைத்தவர்களே கையில் பேனாவைத் திணித்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் பக்கம் இல்லை. அவள் நின்றாள். எதையும் சொல்லுவதற்கு முன்னால் நிற்கிற அதே நிற்பு, ஆனால் இதைப்போல் நீளமாக அவள் எப்போதும் நின்றதில்லை. மூன்று பேரும் காத்திருந்தார்கள். கிழித்து எறியலாம். எறிந்துவிட்டு நேர்மையாக வீட்டுக்குப் போய் ஆறு வருஷத்தையும் புதைக்கலாம். புழு இல்லாத மூட்டையில் ஐநூறு பேர் புழுவைக் கேட்டார்கள், அவர்கள் எல்லாருக்கும் பட்டம் இருக்கிறது. அவளிடம் மட்டும்தான் இல்லை.

கையெழுத்துப் போட்டாள். அந்த அம்மாள் தாளைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கருத்துப் படிவத்தையும் கொடுத்தார். சிறப்புத் தேவைகள் எவ்வாறு கவனிக்கப்பட்டன, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்.

திரும்பும் ரயிலில் பெட்டிகள் நோட்டில் உள்ளபடி வரிசையாக வந்தன. அவள் நோட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாலை நான்கு மணி. அம்மா அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வாசலிலேயே காத்திருந்தாள். இந்தத் தடவையும் பாதியில் திரும்பிவிட்டாளோ என்று இரண்டு நாளாகப் பயந்து பயந்து, போன் பண்ணவும் தைரியம் இல்லாமல் இருந்தவள். பையை வாங்கி வைத்தாள். சான்றிதழைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, ஓர் எழுத்து விடாமல் படித்தாள். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"நெஜமாவே மேடையில நின்னு பேசினியாடி?"

"பேசினேம்மா. நல்லா பேசினேன். எல்லாரும் கைதட்டினாங்க."

டக்கென்று வந்தது. நிற்கவில்லை, யோசிக்கவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. சான்றிதழைப் பார்த்தபோதுகூட அம்மாவின் முகத்தில் வராத சந்தோஷம் அப்போது வந்தது.

"பாரேன், கேட்ட உடனே எப்படிப் பதில் சொல்ற" என்றாள். அவள் கன்னத்தைத் தொடப் போய், தொட்டால் ஆகாது என்பது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காதடைப்பானைப் பையிலேயே விட்டுவிட்டிருந்தாள், பை கூடத்தில் இருந்தது. அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவிலிருந்து அந்தப் பதினேழு வரித் தாளைப் பிய்த்து எடுக்கிற ஓசை கேட்டது. அதை நான்காக மடிக்கிற ஓசை கேட்டது. பிறகு அம்மா சமையலறைக்குள் போய், மகளுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, சித்திக்குப் போன் போட்டாள்.

"கவலையே இல்லடி இனிமே. எம் பொண்ணும் எல்லாரையும் போல ஆயிட்டா" என்றாள்.

நடுவில் இரண்டு சுவர் இருந்தது. அவளுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.